கையை உள்ளே விடச் சொன்ன பக்கம்

1991இல் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். தகடுகளை அழுத்தி வளைக்கிற பெரிய பிரஸ் மெஷின்கள் செய்யும் இடம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தேன் என்றாலும் வேலை கிடைத்ததற்குக் காரணம் அது இல்லை. இன்டர்வியூவில் கியர், பேரிங் என்று நான் சொன்ன பதில்களையெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர், "டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்கேன் சார்" என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"அப்பிடீங்களா அம்மணி? திங்கக்கெழமையே வந்துருங்க."

மேனேஜருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். கோபம் வந்தால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அவருடைய அக்கா மகன் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தான். லீவில் வந்தபோது மாமாவுக்கு வாட்ச், சென்ட் என்று எதுவும் வாங்கி வராமல் ஏழு பிளாப்பிகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். புத்தகங்களை அச்சுக்கு அடுக்கும் மென்பொருள், பெயர் லாடெக். இதில் செய்தால் எங்கள் மெஷின் மேனுவல்கள் அசல் வெளிநாட்டுப் புத்தகம் மாதிரியே இருக்கும் என்று மாமாவை நம்ப வைத்துவிட்டுப் போய்விட்டான். கூடவே ஒரு கையேட்டின் ஜெராக்ஸ். ஜெராக்ஸ் எடுத்தவர் புத்தகத்தைச் சரியாக விரிக்காததால் ஒவ்வொரு வரியிலும் முதல் வார்த்தை பாதிதான் இருந்தது. அந்தப் பாதி வார்த்தைகளை ஊகித்துத்தான் நான் அந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டேன்.

அதுவரை எனக்குத் தெரிந்த டைப்பிங்கில் எதை அடிக்கிறோமோ அது தாளில் வரும். இதில் அப்படி இல்லை. எழுத வேண்டியதையும், அது எப்படி இருக்க வேண்டும் என்ற கட்டளையையும் ஒன்றாகக் கலந்து ஃபைலில் அடிக்க வேண்டும். தலைப்பு என்றால் ஒரு கட்டளை, தடித்த எழுத்து என்றால் ஒரு கட்டளை, எல்லாவற்றுக்கும் முன்னால் இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு. அடித்து முடித்ததும் ஃபைலை மென்பொருளிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பச்சைத் திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்க எண்கள் ஒவ்வொன்றாக வரும். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்று ஒரு கேள்விக்குறியைப் போடும். வேறொன்றும் சொல்லாது. நாம் பதில் சொல்லும்வரை ஒரு மாடு வழிமறித்து நிற்கிற மாதிரி நிற்கும்.

முதல் வாரம் அது என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் காரணம் டாலர். எங்கள் ஸ்பேர் பார்ட் நம்பர்களில் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் ஓர் அடிக்கோடு உண்டு. கணக்குச் சூத்திரங்களில் மட்டும் அடிக்கோடு வரலாம் என்பது அந்த மென்பொருளின் கொள்கை. சூத்திரத்தை டாலர் குறிக்குள் எழுத வேண்டும். டாலர் இல்லாமல் அடிக்கோடு வந்தால், 'டாலரைக் காணோம், நானே போட்டுக்கொண்டேன்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு நின்றுவிடும். அந்த வருஷம் நாட்டிலேயே டாலர் இல்லை என்று பேப்பரில் தினம் செய்தி. மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"டாலர் காணோம்ங்குது. நம்ம கம்பெனியச் சொல்லுதுங்களா?"

"இல்ல சார், இது வேற டாலர்."

"எதுக்கும் இந்த ஸ்கிரீன யாருக்கும் காட்டாதீங்க."

கறுப்புக் கட்டைகள் அடுத்த சோதனை. ஒரு வரி ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு போனால், சோதனைப் பிரதியில் அந்த இடத்தில் மென்பொருள் ஒரு குட்டிக் கறுப்புக் கட்டையை வைக்கும். இங்கே கவனி என்று அர்த்தம். நான் காரணத்தைத் தேடி ஜெராக்ஸைப் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு நாளில், மேனேஜர் அவை பிரிண்டர் ரிப்பனின் கறை என்று நினைத்து, முப்பது பக்கத்திலும் ஒயிட்னரால் பொறுமையாக அழித்துவைத்திருந்தார். "எல்லாம் கிளீன் பண்ணிப்போட்டேன் அம்மணி" என்று கொடுத்தார். எது எது சரிசெய்ய வேண்டிய வரி என்பது எனக்கு மறுபடியும் தெரியாமல் போயிற்று.

இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை மேனேஜரின் மனசு. காலையில் தலைப்பு நடுவில் வேண்டும் என்பார். மத்தியானம் இடது பக்கம். மாலையில் பஸ் கிளம்புகிற நேரத்தில், "நடுவுலயே இருந்திருக்கலாமுங்களோ?" என்பார். அவரிடம் எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. பணி நிரந்தரம் ஆக இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஃபைலில் சதவீதக் குறி போட்டால், அதற்குப் பிறகு அந்த வரியில் இருக்கிற எதையும் மென்பொருள் கண்டுகொள்ளாது. பிரிண்டில் வராது. நமக்கு நாமே குறிப்பு எழுதிவைத்துக்கொள்ள அப்படி ஒரு வசதி. 'இந்தப் படத்தைப் பிறகு மாற்று' என்கிற மாதிரி எழுதத்தான் அது. நான் அங்கே மேனேஜரைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். ஆங்கில எழுத்தில், தமிழில், மனசுக்கு வந்ததையெல்லாம். எழுதினால் நெஞ்சு லேசாகும். அடுத்த கட்டளையை நிம்மதியாக அடிப்பேன்.

சதவீதக் குறிக்கு இந்தக் குணம் உண்டு என்பது எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பின்னால் நடந்ததற்கு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்தது ஏற்றுமதி மெஷினுக்கான ஆங்கில மேனுவல். பாதிப் பக்கங்களைப் புதிதாக அடித்தேன். மீதி, பழைய மேனுவலுக்காக யாரோ கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தது. அதை அப்படியே எடுத்துக் கட்டளைகளை மட்டும் சேர்த்தேன். மென்பொருள் ஒரு கேள்விக்குறிகூடப் போடாமல் ஐம்பத்தெட்டுப் பக்கத்தையும் முடித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் யாராவது அந்தப் பக்கங்களை வாசித்துப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மேனேஜர் ஸ்கேலை வைத்து ஓரங்களை அளந்து பார்த்துவிட்டு, "ஜம்முனு இருக்குதுங்க" என்றார்.

வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் வர இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் மேனுவலை ஒரு தடவை பரீட்சை செய்து பார்த்துவிடலாம் என்பது மேனேஜரின் யோசனை. மெஷினை அசெம்பிள் செய்கிற சீனியர் ஃபிட்டர், புத்தகத்தில் இருப்பதை மட்டும் பார்த்து, ஒவ்வொரு படியாக மெஷினை ஓட்டிக்காட்ட வேண்டும். சொந்தமாக எதுவும் செய்யக் கூடாது.

அந்த ஃபிட்டருக்கு ஊர் பக்கத்துக் கிராமம்தான். ஷிப்ட் முடிந்தால் நேராக வயலுக்குப் போகிறவர். மெஷினில் கை வைத்தாலே எந்த போல்ட் லூஸ் என்று சொல்லிவிடுவார். அதோடு அவர் யூனியன் செயலாளர். இந்த இரண்டாவது விஷயத்தை மேனேஜர் அன்று காலை யோசித்துப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா, நான் பொறந்ததுலேர்ந்து ஓட்டினுகீற மிஷினு. இத்த புக்கப் பாத்து ஓட்டணுமா?" என்றார்.

"ஆமாண்ணே. புக் சரியா இருக்கான்னு பாக்கத்தான்."

"அப்ப எனக்குப் பரீட்சை இல்ல, உனக்குத்தான் பரீட்சை. சரி, குடு."

வலது கையின் ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே வைத்து, சத்தமாக எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்ததைச் செய்தார். மெயின் சுவிட்ச், ஆயில், பச்சை பட்டன். மேனேஜர் ஒவ்வொரு படிக்கும் தலையை ஆட்டினார். சுற்றி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வேடிக்கை பார்க்க நின்றார்கள். பதினேழாவது பக்கத்தில் ஃபிட்டர் அண்ணனின் விரல் நின்றது. மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போனது.

"ரெட்யூஸ்... தி... ஏர்... பிரஷர்... டு... ஃபார்ட்டி... புட்... யுவர்... ஹேண்ட்... இன்சைட்... தி... கார்டு... வைல்... தி... மெஷின்... இஸ்... ரன்னிங்."

பிரஸ் 'டம்' 'டம்' என்று இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிரண்டையும் கட்டிக்கொண்டார்.

"மிஷினு ஓடறச்சொல்லோ கைய உள்ள வெக்கச் சொல்லுது. நான் வெக்க மாட்டம்மா."

எனக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. பழைய ஃபைலில் ஒரு வரி: காற்றழுத்தத்தை நாற்பது சதவீதத்துக்குக் குறைத்துவிட்டுக் காத்திருக்கவும். அதே வரியின் கடைசியில் 'டூ நாட்' என்ற இரண்டு வார்த்தைகள். அடுத்த வரியில், 'மெஷின் ஓடும்போது கையைக் காப்புக் கம்பிக்குள் விடு' என்பதன் ஆங்கிலம். பழைய டைப்பிங்கில் நாற்பதுக்குப் பக்கத்தில் வெறும் சதவீதக் குறியாக இருந்தது, இந்த மென்பொருளுக்குப் 'பிறகு வருவதைப் பார்க்காதே' என்று ஆகிவிட்டது. அது காத்திருக்கச் சொன்னதையும் விழுங்கி, 'செய்யாதே' என்பதையும் விழுங்கி, கையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

"சார், அது வந்து, ஒரு பர்சென்ட்டால..." என்று தொடங்கினேன்.

"ஒரு பர்சென்ட்டா? எங்க கையி போனா நூறு பர்சென்ட்டும்மா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அரை மணி நேரத்தில் கேன்டீன் பக்கத்து போர்டில் சாக்பீஸில் எழுத்துகள் ஏறிவிட்டன: 'ஓடும் மெஷினில் கையை விடச் சொல்லும் நிர்வாகமே, பதில் சொல்!' மேனேஜர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கேட்டார். ஃபிட்டர் அண்ணன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது எங்கக்கிட்டயே இருக்கட்டும் சார். எழுத்துல கீது."

மேனேஜர் என்னை ஓரமாக அழைத்தார். முகமெல்லாம் வியர்வை. "இது எப்பிடி ஆச்சுன்னு அவங்களுக்குக் கம்ப்யூட்டர்லயே காட்டிப்போடுங்க அம்மணி. அந்தப் பக்கத்த அப்பிடியே தொறந்து காட்டுங்க. கண்ணால பாத்தா நம்பிக்குவாங்க."

அந்த ஃபைலில்தான் மேனேஜரைப் பற்றி நான் எழுதியது எல்லாம் இருந்தது.

"சார், பேப்பர்லயே படம் போட்டு விளக்கிடலாமே."

"அட, கம்ப்யூட்டர்ல பாக்கட்டுமுங்க."

கம்ப்யூட்டர் அறை ஏசி அறை. செருப்பு, ஷூ எதுவும் உள்ளே வரக் கூடாது. ஃபிட்டர் அண்ணனையும் சேர்த்து யூனியன்காரர்கள் ஆறு பேர் வந்து, வாசலில் குனிந்து பாதுகாப்பு ஷூவின் நாடாக்களை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கிடைத்தது அந்த நாடாக்களின் நேரம்தான். ஓடிப்போய் உட்கார்ந்து, சதவீதக் குறி எங்கே எங்கே என்று தேடித் தேடி, வரியோடு அழித்துக்கொண்டே வந்தேன். தலைப்பைப் பற்றி எழுதியது போயிற்று. ஸ்கேலைப் பற்றி எழுதியது போயிற்று. ஒயிட்னரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருந்தேன், அதுவும் போயிற்று. அவசரத்தில் ஆயில் மாற்றும் முறையில் இரண்டு நல்ல வரிகளும் கூடவே போயின. பதினேழாம் பக்கத்துக்கு வந்தபோது அறை முழுக்க ஆறு ஜோடி சாக்ஸின் வாசனை வந்து சேர்ந்தது. நிமிர்ந்தேன். எல்லாரும் என் நாற்காலியைச் சுற்றி நின்றிருந்தார்கள். மேனேஜர் வலப்பக்கம், ஃபிட்டர் அண்ணன் இடப்பக்கம்.

நான் குற்றவாளி வரியைக் காட்டினேன். "இதோ பாருங்கண்ணே, 'டூ நாட்'னு இங்க இருக்கு. நாங்க எழுதாம விடல. இந்தக் குறி வந்துட்டா, அதுக்கப்புறம் அந்த லைன்ல எது இருந்தாலும் பிரிண்ட்ல வராது."

ஃபிட்டர் அண்ணன் விரலைக் கண்ணாடித் திரையிலேயே வைத்து வாசித்தார். 'டூ நாட்' இருக்கிறது என்று திரும்பி மற்றவர்களுக்கும் காட்டினார். எல்லாரும் ஒருவர் மாற்றி ஒருவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் மூச்சு விட்டேன். அவருடைய விரல் ஒரு வரி மேலே போயிற்று.

"இங்கயும் அந்தக் குறி கீதே. இதுவும் பிரிண்ட்ல வர்லியா? இது இன்னா... மே... னே... ஜ... ரு... க்கு..."

"அண்ணே, அது வேற."

"இரும்மா. மேனேஜருக்கு... இன்னிக்கு... மூடு... சரி இல்ல. திருப்பி... எல்லாத்தையும்... பழையபடி... மாத்தச் சொல்றாரு. மனுஷனுக்கு... என்ன வேணும்னு... அவருக்கே... தெரியல."

பதினேழாம் பக்கத்தை வாசித்த அதே குரல்தான். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, தெளிவாக, பின்வரிசையில் நின்றவருக்கும் கேட்கும்படி. வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்பது அவருக்கே உறைத்தது. நான் கீபோர்டில் இருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளை அழுதுவிடும் என்று எல்லாரும் பயந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அழுகை வரவில்லை. வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபிட்டர் அண்ணன்தான் முதலில் பேசினார். மேனேஜரின் பக்கம் திரும்பி, ஆறுதலாக:

"சார், இது பிரிண்ட்ல வராது சார். நீங்க ஒண்ணியும் நெனச்சுக்காதீங்க."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கால் ஒரு சத்தம் விட்டார். அவ்வளவுதான், ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு, "சரிங்க. புக்குல என்ன மாத்தோணும்னு பேசலாமுங்க" என்றார்.

சமாதானம் அதோடு வந்துவிடவில்லை. தவறு எப்படி நடந்தது என்பதை யூனியன் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த எச்சரிக்கை இனி யார் கண்ணிலும் படாமல் போகக் கூடாது, எழுத்தைப் பெரிதாகப் போட வேண்டும், அதைச் சுற்றிக் கட்டமும் வேண்டும் என்றார்கள். மேனேஜர் பெரிய எழுத்தின் விரோதி. புத்தகம் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும் என்பார். எவ்வளவு பெரிது என்று பேச்சு தொடங்கியது. என்னைக் கேட்டார்கள். மென்பொருளில் ஐந்து அளவுகள் உண்டு என்று சொன்னேன். லார்ஜ் என்று எல்லாம் சின்ன எழுத்தில் அடித்தால் கொஞ்சம் பெரிது. முதல் எழுத்தை மட்டும் கேப்பிடலாக அடித்தால் இன்னும் பெரிது. எல்லாமே கேப்பிடல் என்றால் அதைவிடப் பெரிது. அதற்கும் மேலே 'ஹியூஜ்', அதிலும் சின்னதும் பெரியதும் என்று இரண்டு.

"எங்களுக்கு அந்தக் கடைசி" என்றார் ஃபிட்டர் அண்ணன்.

"முதல் சைஸே போதுமுங்க" என்றார் மேனேஜர்.

யூனியன் கேட்டதையே முதலில் போட்டுப் பார்த்தேன். பிரிண்டர் 'கர்ர்... கர்ர்...' என்று இழுத்து இழுத்து அடித்தது. கட்டத்துக்குள் எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். ஆனால் கட்டத்துக்குள் போட்டால் வரி தானாக மடங்காது, நேராகப் போய்க்கொண்டே இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தாளின் வலது ஓரத்தில் 'டூ நாட் புட் யுவர்' என்பதோடு நின்றுவிட்டது. 'ஹேண்ட்' இல்லை. தாளுக்கு வெளியே போய்விட்டது.

ஃபிட்டர் அண்ணன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "கையக் காணோமே. பிரஸ்ல போவ வேண்டிய கையி பிரிண்டர்லயே பூடுச்சா?"

மேனேஜர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பேச்சுவார்த்தை பாதி முடிந்துவிட்டது. கட்டத்துக்குள் வரியை மடக்க ஏதாவது கட்டளை இருக்கும் என்று ஜெராக்ஸைப் புரட்டினேன். இருந்தது, அதன் பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் இல்லை. நாலு விதமாக அடித்துப் பார்த்தேன். நாலு கேள்விக்குறி வாங்கினேன். ஐந்தாவது முயற்சியில் வரி மடங்கியது. நடு அளவுக்கு இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வரி, சுற்றிக் கட்டம், கை முழுதாக உள்ளே. ஃபிட்டர் அண்ணன் சட்டைப் பையிலிருந்த பழைய பக்கத்தை எடுத்து மேனேஜரிடம் கொடுத்தார். வெளியே போய் ஆறு பேரும் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டார்கள். அதற்குள் டீ வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வரை மற்ற சதவீதக் குறிகளைத் தேடினேன். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் அந்தச் சாய்ந்த கோட்டைப் போட்டால் போதும், அது வெறும் சதவீதமாக அடங்கிவிடும். அழிந்துபோன ஆயில் வரிகளை ஃபிட்டர் அண்ணனிடமே கேட்டு எழுதினேன். அவர் சொன்னது முன்பிருந்ததைவிட நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பையை எடுத்துக்கொண்டே போனேன். திரும்பி வரவேண்டியிருக்காது என்று நினைத்தேன். அவர் மேஜைமேல் முதல் பக்கத்தின் ஐந்து மாதிரிகளைப் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் அவர் சொல்லி நான் மாற்றி மாற்றி அடித்தவை.

"எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலைன்னு எழுதியிருந்தீங்க."

"சாரி சார். எழுதியிருக்கக் கூடாது."

"நெசந்தானுங்க. ராத்திரி உக்காந்து இந்த அஞ்சையும் பாத்தேன். எது நல்லாருக்குதுன்னு தெரிய மாட்டேங்குது. நீங்களே ஒண்ண முடிவு பண்ணிப்போடுங்க. நான் தலையிட மாட்டேன்."

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது. சந்தோஷமாக ஐந்தையும் வாரிக்கொண்டு வந்தேன். தலைப்பை நடுவில் வைத்தேன். இடது பக்கம் நகர்த்தினேன். கோடு போட்டேன், எடுத்தேன். மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் ஆறாவதாக ஒரு மாதிரியும் செய்துவிட்டு, எது நல்லது என்று தெரியாமல் மெல்ல எழுந்து போய் ஃபிட்டர் அண்ணனைக் கேட்டேன். அவர் கையில் கிரீஸ். முழங்கையால் ஒன்றைத் தொட்டார். அது நான் முதன்முதலாக அடித்த மாதிரி. அதையே வைத்துக்கொண்டோம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் ஐம்பத்தெட்டுப் பக்கத்தையும் நின்றபடியே புரட்டினார். பதினேழில் நின்றார். மற்ற பக்கங்களெல்லாம் இவ்வளவு அடக்கமாக இருக்க, இது மட்டும் ஏன் இத்தனை பெரிது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஃபிட்டர் அண்ணனைப் பார்த்தேன். அவர் பத்து விரல்களையும் விரித்து இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"டென், சார். ஆல் ஓக்கே. வான்ட் டென் ஒன்லி."

இன்ஸ்பெக்டர் தன் கைகளையும் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் மெஷினை மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்து டிரெய்லரில் ஏற்றினார்கள். மேனுவலை பாலிதீன் உறையில் போட்டு, ஃபிட்டர் அண்ணன் தன் கையாலேயே கன்ட்ரோல் பேனலின் உள்பக்கத்தில் கட்டினார். டிரெய்லர் ஹைவேயில் ஏறித் துறைமுகத்தைப் பார்த்துத் திரும்புவதை எல்லாரும் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு நிரந்தர ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது என்றார். யாரோ டைப்ரைட்டரில் அடிக்கிறார்கள், நான் போய்த் தப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் நல்லது என்றும் சொன்னார். போய்ப் பார்த்தேன். என் இனிஷியல் தப்பாக இருந்தது.